இரண்டாம் பாகத்தின் ஓட்டைகளை அடைத்தல்: ஒரு குற்றத் திரைக்கதையின் பழுதுபார்ப்புப் பதிவு

நண்பர் ஒருவர் இயக்கி, பெரிய வரவேற்போ பெரிய நட்டமோ இல்லாமல் கரையேறிய ஒரு சிறிய குற்றப் படத்துக்கு இரண்டாம் பாகம் எழுதப்பட்டு, பவுண்ட் ஸ்கிரிப்ட்டாகவே, அதாவது வசனத்தோடு எழுதி முடித்த முழுத் திரைக்கதையாகவே, என் கைக்கு வந்தது. அதைப் படித்த தயாரிப்பாளர், ‘லாஜிக் இடிக்கிறது’ என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பியிருந்தார். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து, முதல் பாகத்தில் திரையில் காட்டிய எதையும் மறுக்காமல் சரிசெய்து தர வேண்டும் என்பது வேலை. இயக்குநரின் இசைவோடு அதன் போக்கை இங்கே பதிவு செய்கிறேன். பாத்திரங்களின் பெயர்களைத் தவிர்த்து உறவுமுறையால் குறிப்பிடுகிறேன்.

முதல் பாகத்தின் கதை இது. தூத்துக்குடியில் உப்பளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் அண்ணன், வட்டிக்காரர் ஒருவரிடம் வீட்டைப் பதிவு அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறான். 2018 ஜூலை 26, பனிமய மாதா பேராலயத் திருவிழாவுக்குக் கொடியேறிய நாள். அன்று இரவு அளத்துக்கு வந்த வட்டிக்காரரோடு தகராறு முற்றி, அவர் அண்ணனின் கழுத்தை நெரிக்கும்போது தங்கை இரும்புக் கம்பியால் அடிக்கிறாள், அவர் இறந்துபோகிறார். அண்ணன் தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உடலை மோட்டார் கொட்டகைக்கு அடியில் தனியாகப் புதைக்கிறான். இறந்தவரின் கைப்பேசியைப் பெங்களூருக்கு உப்பு ஏற்றிச் செல்லும் லாரியில் போட்டுவிடுகிறான். ‘ஆள் காணவில்லை’ என்று பதிவான வழக்கை விசாரித்த பெண் ஆய்வாளர், அவர் பெங்களூருக்குப் போய்விட்டார் என்ற முடிவோடு கோப்பை மூடுகிறார்.

இரண்டாம் பாகத்தின் வரைவில், ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு மழையில் எலும்புகள் வெளியே வருகின்றன. அன்றிரவு எல்லாவற்றையும் பார்த்த ஒரு திருடன் திடீரென முளைக்கிறான். இடமாற்றத்தால் காயம்பட்ட ஆய்வாளர் பழிவாங்கும் வெறியோடு திரும்பி வருகிறார். தங்கை கணவனிடம் உண்மையைக் கொட்டுகிறாள். அண்ணன் ஆய்வகத்துக்குள் புகுந்து எலும்புகளை மாற்றி வைத்து ஜெயிக்கிறான்.

முதலில் திரைக்கதையைத் தொடாமல், முதல் பாகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, திரையில் காட்டப்பட்டுவிட்ட தகவல்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். அடமானம் பதிவு செய்யப்பட்டது, சுவர்க் காலண்டரில் தேதி தெரிகிறது, உடல் இருக்கும் இடம் தங்கைக்குத் தெரியாது, வட்டிக்காரருக்குத் தாயும் ஒரு மகனும் உண்டு, ஆய்வாளரிடம் பேசும்போது வட்டிக்காரரின் மனைவி ஒரு கணம் தயங்குகிறாள் என்பவை எல்லாம் அந்தத் தாளில் ஏறின. கடைசித் தகவல் நடிகையின் தயக்கமா, இயக்குநர் சொல்லிச் செய்ததா என்று கேட்டேன். நடிகை தானாகவே செய்தது என்றார். இருந்தாலும் திரையில் இருப்பதால் அது நமக்குச் சொந்தம்.

பிறகு வரைவின் ஒவ்வொரு காட்சியையும் ஓர் அட்டையில் எழுதி, அதன் பின்புறம் இரண்டு கேள்விகளைக் குறித்தேன்: இது எப்படி நடக்க முடியும்? இவர் இதை ஏன் இப்போது செய்கிறார்? ‘எப்படி’ என்று தொடங்கிய ஓட்டைகளில் பெரும்பாலானவை ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் தாமாகவே மூடிக்கொண்டன. எந்தப் பாத்திரத்துக்கும் தேவையில்லாத ஒரு நிகழ்ச்சியை நடத்திவைக்க எழுத்தாளர் தற்செயலைக் கூப்பிடுகிறார். அந்தத் தற்செயல்தான் பார்வையாளருக்கு லாஜிக் ஓட்டையாகத் தெரிகிறது.

வரைவிலேயே பெரிய ஓட்டை ‘ஏன் இப்போது?’ என்பதுதான். ஐந்து ஆண்டுகள் என்பது போஸ்டரில் அழகாக இருக்கும். கதைக்குள் அதற்கு எந்த வேலையும் இல்லை. இங்கே எனக்கு உதவியது சட்டம். ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள் 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் பெறவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 111-ஆவது பிரிவாக இருக்கிறது. ஆகவே ஐந்தை ஏழாக்கி, கதையை 2025 ஜூலைக்குப் பின் நகர்த்தினேன். வட்டிக்காரரின் மனைவி, கணவர் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கோரி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகிறாள். கதை இங்கேதான் தொடங்குகிறது. எலும்பு எதுவும் முளைக்கத் தேவையில்லை.

இந்தத் திருத்தத்தால் வரைவிலிருந்த ஒரு ரசமான உத்தியும் போயிற்று. அண்ணன் ஆண்டுக்கொரு முறை வடநாட்டு ஊர்களிலிருந்து வட்டிக்காரர் எழுதுவதுபோலக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தான். ‘தகவல் இல்லாத 7 ஆண்டுகள்’ என்ற கணக்கை அந்தக் கடிதங்கள் ஆண்டுதோறும் உடைத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். இயக்குநருக்கு அதில் வருத்தம்தான்.

மனைவிக்கு ஏழு ஆண்டுகள் கழித்து அறிவிப்பு ஏன் தேவை? சொத்து, வாரிசு என்று பொதுவாகச் சொன்னால் காட்சி நிற்காது. இரண்டு தாள்களைக் கையில் எடுத்தோம். முதலாவது, அண்ணன் எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம். புரோநோட்டுக் கடன் என்றால் வழக்குப் போட 3 ஆண்டுகள்தான். அது எப்போதோ காலாவதியாகியிருக்கும். அசையாச் சொத்தின் மீதான அடமானக் கடனுக்கு 12 ஆண்டுகள் இருப்பதால், அது 2025-லும் உயிரோடு இருக்கிறது. இதே பத்திரம் இன்னொரு பெரிய ஓட்டையையும் அடைத்தது: கொலை நடந்த ஊரை விட்டு அந்தக் குடும்பம் ஏன் இன்னும் போகவில்லை? வீட்டை விற்கப் போனால் வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும். அதைத் தீர்த்து ரசீது எழுதித் தர வேண்டிய ஆள் கொட்டகைக்கு அடியில் இருக்கிறார். அண்ணன் பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வாங்க ஆள் இல்லாமல் ஏழு ஆண்டுகளாகக் காத்திருக்கிறான். குற்றப் படத்துக்குள் இப்படிப்பட்ட இருண்ட நகைச்சுவை தானாக வாய்க்கும்போது வசனத்தால் அதைக் கெடுக்கக் கூடாது என்று அட்டையிலேயே எழுதிவைத்தேன்.

இரண்டாவது தாள் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. கதை முழுவதற்கும் அச்சாணியாக மாறியது இதுதான். 2004-இல் காப்பீட்டுக் கழகத்தின் மேல்முறையீடு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. 7 ஆண்டு அனுமானம் ஒருவர் இறந்துவிட்டார் என்பதோடு நின்றுவிடும். எப்போது இறந்தார் என்பதற்கு அது துணை நிற்காது. அவர் இந்த நாளில் இறந்தார் என்று சொல்பவர்தான் அந்த நாளை நிரூபிக்க வேண்டும். நடுவில் பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகியிருந்தால், வெறும் அனுமானத்தை வைத்துப் பணம் கேட்க முடியாது. வட்டிக்காரர் காணாமல் போன இரவில் பாலிசி உயிரோடு இருந்தது. அதன்பின் கட்ட மனைவியிடம் வழியில்லை. 2025-இல் அவர் இறந்துவிட்டதாக ஒரு தீர்ப்பு மட்டும் வாங்கினால் அவளுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. 2018 ஜூலை 26 அன்று இறந்தார் என்று நிறுவினால் கிடைக்கும்.

இது விளங்கியதும் இரண்டாம் பாகத்தின் மோதல் முழுவதும் மாறிவிட்டது. வட்டிக்காரர் இறந்தவராக வேண்டும் என்று அண்ணனும் விரும்புகிறான். அப்போதுதான் வாரிசிடம் பணத்தைக் கட்டி வீட்டை மீட்க முடியும். மனைவியும் அதையே விரும்புகிறாள். ஆனால் அவனுக்குத் தேதி இல்லாத மரணம் வேண்டும். அவளுக்குத் தேதியோடு வேண்டும். இரண்டு பேரும் ஒரே வழக்கில் ஒரே பக்கம் நின்றபடி ஒருவரையொருவர் நெரிக்கிறார்கள்.

கதை விவாதத்தில் உதவி இயக்குநர் ஒருவர், தங்கையே குற்ற உணர்ச்சியில் அந்தப் பிரீமியத்தை ரகசியமாகக் கட்டி வந்திருந்தால் எப்படி என்று கேட்டார். கேட்பதற்கு மனத்தைத் தொடும். ஆனால் பாலிசி உயிரோடு இருந்தால் தேதி தேவைப்படாது. படம் இடைவேளைக்கு முன்பே முடிந்துவிடும்.

ஏழு ஆண்டுகள் மனைவி ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்விக்கு, முதல் பாகத்தின் அந்தத் தயக்கம் பதிலாகக் கிடைத்தது. கணவருக்குப் பெங்களூரில் வேறொரு குடும்பம் இருப்பதாக அவள் நம்பினாள். அதை ஆய்வாளரிடம் சொன்னவளும் அவள்தான். ஆய்வாளர் கைப்பேசியின் பயணத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதற்கும் அதுவே காரணமாயிற்று. நடிகை தற்செயலாகச் செய்த ஒன்று இரண்டு ஓட்டைகளை அடைத்தது.

ஆய்வாளரின் பழிவாங்கும் வெறியை முழுவதுமாக எடுத்துவிட்டேன். தமிழ்ப் படங்களில் வழக்கின் மீது வெறி கொண்ட காவல் அதிகாரி என்பவர், வேறு காரணம் கிடைக்காதபோது எழுத்தாளர் கடன் வாங்கும் ஆள். புதிய வரைவில் அவர் வழக்கு திறக்கப்படுவதை விரும்பவில்லை. வட்டிக்காரர் அன்றிரவே இறந்தார் என்று நீதிமன்றம் சொன்னால், அவர் பெங்களூருக்குப் பயணம் செய்ததாகத் தாம் கையெழுத்திட்ட இறுதி அறிக்கை பொய்யாகிவிடும், டி.எஸ்.பி. பதவி உயர்வு நெருங்கும் நேரம் அது. எனவே முதல் பாதியில் அவர் தம்மை அறியாமல் அண்ணனுக்கு உதவுகிறார். மேல் விசாரணைக்கு நீதிமன்றம் அனுமதித்த பிறகுதான் அவர் பழைய கோப்பைப் பிரிக்கிறார்.

அந்தக் கோப்பிலும் ஒரு ஓட்டை இருந்தது. வரைவில் அவர் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டு, பழைய அழைப்பு விவரங்களை வாங்கிவிடுகிறார். நிறுவனங்கள் இந்த விவரங்களை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பதே 2018-இல் இருந்த உரிம நிபந்தனை; 2021 டிசம்பரில்தான் அது இரண்டு ஆண்டுகளாக்கப்பட்டது. 2025-இல் கேட்டுக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே 2018-லேயே வாங்கிக் கோப்பில் தைத்துவைத்த அச்சுத் தாள்களையே அவர் மறுபடி படிக்கும்படி மாற்றினோம். புதிதாக அவர் பார்ப்பது நேரத்தை மட்டும்தான். இரவு புறப்பட்ட ஆம்னி பேருந்து காலையில் பெங்களூர் சேர்ந்துவிடும். இந்தக் கைப்பேசியோ மறுநாள் மாலையில்தான் ஓசூரின் கைப்பேசிக் கோபுரத்தைத் தொடுகிறது. பயணம் செய்தது லாரி. ஆனால் மின்னணுப் பதிவுகளின் அச்சுத் தாள்களைச் சாட்சியமாக ஏற்க, அவை எப்படி எடுக்கப்பட்டன என்று கூறும் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் உறுதிசெய்திருக்கிறது. கோப்பிலுள்ள தாள்களோடு சான்றிதழ் இல்லை. அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது. நீதிமன்றத்தில் வைக்க முடியாது. அவர் திணறும் காட்சிகள் இங்கிருந்து கிடைத்தன.

சிறிய ஓட்டைகளை விரைவாக முடித்தோம். குற்றம் 2018-இல் நடந்தது என்பதால் கொலைப் பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. வரைவில் எல்லோரும் புதிய சட்டத்தின் 103-ஐச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எலும்பின் டி.என்.ஏ.வை ஒப்பிட மனைவியின் ரத்தத்தை எடுக்கும் ஒரு காட்சி இருந்தது. மனைவியின் ரத்தத்தை வைத்துக் கணவரின் எலும்பை அடையாளம் காண முடியாது. தாயையும் மகனையும் அழைத்தோம். முதல் பாகத்தில் இருவரும் ஏற்கெனவே இருந்தார்கள்.

ஆய்வகத்தில் எலும்பை மாற்றும் உச்சக்காட்சியைப் பற்றிக் கொஞ்சம் சண்டை நடந்தது. 2021-இல் வெளியான மலையாள ‘த்ருஷ்யம் 2’ படத்தில் எச்சங்களை மாற்றி வைப்பதே திருப்பம் என்பது தமிழ்ப் பார்வையாளர்களுக்குத் தெரியும். அந்தப் படத்தில் அதற்காக நாயகன் பல ஆண்டுகள் மனிதர்களைப் பழக்கிவைத்திருந்தான். நம் அண்ணன் உப்பளக்காரன்; ஆய்வகத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவனை அதிபுத்திசாலியாக்கினால், முதல் பாகத்தில் கை நடுங்கப் பள்ளம் தோண்டியவன் யார் என்ற கேள்வி வரும். காட்சியை நீக்கினோம்.

அதற்குப் பதில், எலும்புகளைக் கொட்டகையிலிருந்து அவனே எடுக்கும்படி செய்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடியின் அளங்கள் நீரில் மூழ்கின. ஊரே மொட்டைமாடியில் உணவுப் பொட்டலத்துக்காகக் காத்திருக்கும்போது, கொட்டகை சரிந்துவிடும் என்ற பயத்தில் இவன் மட்டும் கழுத்தளவு நீரில் அளத்துக்குப் போகிறான். தோண்டி எடுத்தவற்றை எங்கே கொண்டுபோகிறான் என்பது காட்டப்படுவதில்லை. பாத்திக்குள் புதைப்பதாக இயக்குநர் யோசித்தார். மழைக்காலம் முடிந்ததும் சேறு அள்ளி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகே உப்பு விளைவிக்கிறார்கள். தையில் எலும்பு யார் காலிலாவது தட்டுப்படும். பாத்தி வேண்டாம் என்று முடிவாயிற்று.

அவன் போவதைப் பார்த்தவள் அளத்தில் வேலை செய்யும் ஒரு பெண். வரைவின் திருடனுக்குப் பதில் இவள். இவள் ஏன் அப்போது சொல்லவில்லை? அவனிடம் முன்பணம் வாங்கியிருந்தாள். வெள்ளத்தில் பொருளைத் தேடிப் போகிறான் என்றும் நினைத்தாள். இப்போது ஏன் சொல்கிறாள்? அந்த இரவுக்குப் பின் அவனால் அளத்தில் நிற்க முடியவில்லை. குத்தகையைக் கைவிட்டான், கூலி பாக்கியைத் தீர்க்காமல் போனான். அவனுடைய பயம்தான் அவளுடைய கோபத்துக்குக் காரணம் என்றானதும், சாட்சி தற்செயலாக வந்தவளாக இல்லை.

தங்கையின் வாக்குமூலக் காட்சிதான் அதிக நேரம் எடுத்தது. வரைவில் அவள் நள்ளிரவில் கணவனை எழுப்பி, இரண்டு பக்க வசனத்தில் எல்லாவற்றையும் சொல்கிறாள். ஏன் சொல்கிறாள் என்று கேட்டால், அடுத்த காட்சியில் போலீஸ் வர வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ‘மனசு தாங்கவில்லை’ என்று ஒரு வசனம் சேர்க்கலாம் என்றார்கள். அது பஞ்சரான இடத்தை விட்டுவிட்டு ரப்பர் நன்றாக இருக்கும் இடத்தில் ஒட்டுப் போடுவது. அவள் எதை விரும்புகிறாள் என்று தேடினோம். தன்னால் கணவனை இழந்த பெண்ணுக்குச் சேர வேண்டியது சேர வேண்டும் என்று விரும்புகிறாள். அண்ணனை மாட்டிவிடவும் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க முடியாது. அதை ஒரே அறைக்குள் வைத்து எழுதினோம்:

வட்டிக்காரரின் மனைவி, வில்லங்கச் சான்றின் நகலை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கிறாள். அண்ணன் எதிரே. தங்கை காபியோடு வருகிறாள்.

மனைவி: அவரு எறந்துட்டாருன்னு எழுதி வாங்கிரலாமாம் தம்பி. என்னைக்கு எறந்தாருன்னுதான் வக்கீலு கேக்காரு.

அண்ணன்: அத யாரு கண்டா?

மனைவி: கொடியேத்தத்து அன்னைக்குத்தான் வீட்டவிட்டுக் கெளம்புனாரு. மறுநாளு போனு பெங்களூரு போயிருக்குங்காவ. நான் எந்த நாள எழுதட்டும்?

தங்கை: (டம்ளரை அவள் கையில் கொடுத்தபடி) கொடியேத்தம்னே எழுதுங்கக்கா.

அண்ணன் தங்கையைப் பார்க்கிறான். மனைவி டம்ளரைப் பார்க்கிறாள்.

அவ்வளவுதான். அது வாய்தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னதா என்பதை நடிகையின் பொறுப்பில் விட்டிருக்கிறோம். மனைவிக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிடுகிறது என்று மட்டும் ஸ்கிரிப்ட்டில் குறிப்பு இருக்கிறது. இன்டர்வல் இங்கே வருகிறது.

உச்சக்காட்சியில் அண்ணன் காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதாகவும் அதோடு வழக்கு முடிவதாகவும் பழைய வரைவில் ஒரு மாற்று வடிவம் இருந்தது. காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அது தரும் தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். இந்தத் தடையையே வழியாக்கிக்கொண்டோம். தங்கை சாட்சிக் கூண்டில் ஏறத் தயாராகிவிட்டாள் என்று தெரிந்ததும் அண்ணன் முந்திக்கொள்கிறான். எலும்புகள் இப்போது இருக்கும் இடம் உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். 2023 வெள்ளத்தில் பயத்தால் செய்த காரியம், பழியைத் தன் ஒருவன் மேல் போட்டுக்கொள்ள இப்போது உதவுகிறது. இடத்தைக் காட்டுகிறான். பிறகு நீதித்துறை நடுவர் முன், ‘இந்த வாக்குமூலத்தைத் தரக் கட்டாயமில்லை’ என்ற எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டு, அடித்தது தானே என்று பதிவு செய்கிறான். தேதி உண்மை, இடம் உண்மை, அடித்த கை மட்டும் பொய். மனைவிக்கு வேண்டிய தேதி அதில் இருக்கிறது.

ஆய்வாளருக்கு அந்தப் பொய் தெரியும். அவர் ஏன் கேட்கவில்லை என்று தயாரிப்பாளர் இன்னொரு முறை கேட்டார். கேட்டால் தம்முடைய 2018 அறிக்கையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்; எண்ணூறு பக்கக் கோப்பை மூடக் காத்திருக்கும் ஒருவர் அதைச் செய்ய மாட்டார் என்றேன். அவர் பாதிதான் ஒப்புக்கொண்டார்.

ஓர் ஓட்டையை அடைக்காமல் விட்டிருக்கிறோம். கைப்பேசியைக் கண்டெடுத்த லாரி ஓட்டுநரை முதல் பாகத்தில் யாரும் தேடவில்லை. இப்போது அவரைக் கொண்டுவந்தால் கதைக்கு மூன்றாவது சாட்சி வந்து, அண்ணனின் முடிவுக்கு வேலையில்லாமல் போகும். படத்தொகுப்பு மேசையில் யாராவது அதைக் கேட்டால், ஓசூர் கோபுரத்தைப் பார்க்கும் காட்சியில் ஆய்வாளர் சொல்வதற்காக ஒரு வரியை எழுதித் தனியே வைத்திருக்கிறேன். வெள்ளக் காட்சியைத் தொட்டியில் எடுப்பதா, ஐப்பசிவரை காத்திருந்து அளத்திலேயே எடுப்பதா என்ற கணக்கு இப்போது தயாரிப்பு மேலாளரிடம் இருக்கிறது.